கோட்டுக்கு வெளியே நிற்கும் வேலை

கல்லூரி விளையாட்டுப் பயிற்சியாளர் பெரும்பாலும் ஒரு காலத்தில் ஆடியவர். உடம்பு இடம்கொடுக்கும்வரை ஆடி, பிறகு அதே களத்தின் கோட்டுக்கு வெளியே நின்று பிறரை ஆடவைப்பதைத் தொழிலாக ஏற்றவர். காரைக்குடி வட்டாரத்து மாணவர்களுக்கு அவர் ‘பி.டி. சார்’. நியமன ஆணையில் அவருடைய பதவி உடற்கல்வி இயக்குநர். நாலு மணிக்குமேல் மைதானத்தில் அவர் ‘கோச்’ அல்லது ‘மாஸ்டர்’. கல்லூரியில் படிக்கும் அத்தனை பேரின் உடல்நலத்துக்கும் விளையாட்டுக்கும் பொறுப்பாக இருப்பது ஒரு வேலை. அந்த ஆயிரம் பேரிலிருந்து பன்னிரண்டு பேரைப் பொறுக்கி ஓர் அணியாக்கி, பிற கல்லூரிகளோடு மோதவிடுவது இன்னொரு வேலை. இரண்டும் ஒருவர் தலையில்தான் விழுகின்றன. செட்டிநாட்டுக் கல்லூரிகளில் இந்தத் தொழில் எப்படி வந்தது, ஆட்டக்காரர் ஒருவர் அதற்குள் எப்படி நுழைகிறார், நுழைந்தபின் எதைக் கற்கிறார் என்பவை அதிகம் எழுதப்படாதவை.

செட்டிநாட்டுக்கு வந்து சேர்ந்த இந்தத் தொழிலின் ஒரு வேர் அமெரிக்கக் கால்பந்தில் இருக்கிறது. 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரு கல்லூரிகள் ஆடியதை அந்த விளையாட்டின் முதல் கல்லூரிப் போட்டியாகக் கொள்கிறார்கள். அன்றைய அணிகளுக்குத் தனியாகப் பயிற்சியாளர் கிடையாது. மாணவர்களே திட்டமிட்டு மாணவர்களே ஆடினார்கள். யேல் கல்லூரியில் ஆடிய வால்டர் கேம்ப் 1880-களில் விதிகளை மாற்றினார். இரு அணிகளும் ஒரு கோட்டின் இரு பக்கமும் வரிசைகட்டி நிற்க வேண்டும். பந்து ஓர் அணியின் கையில் இருக்கும். ஒவ்வொரு முயற்சியும் முடிந்ததும் ஆட்டம் நின்று புதிதாகத் தொடங்கும். ஆட்டம் இப்படித் துண்டுதுண்டானதும் அடுத்த துண்டில் என்ன செய்வது என்று யோசித்துவைக்க ஒருவர் தேவைப்பட்டார். வெளியே நின்று பார்ப்பவருக்கு மதிப்பு வந்தது அங்கேதான். கேம்ப் தாமே யேல் அணியின் பயிற்சியாளர் ஆனார்.

அவருக்கு அடுத்து வந்தவர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக். 1889-ல் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட அகில அமெரிக்க அணியில் இடம்பெற்ற யேல் ஆட்டக்காரர். இறையியல் படித்துப் போதகராகப் போக எண்ணியிருந்தவர், மனம் மாறி 1890-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குப் போனார். அங்கே அவர் அமைத்த கால்பந்து அணியில் நடுவில் நின்று ஆடியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். அதே நெய்ஸ்மித்தான் 1891 டிசம்பரில், பனிக்காலத்தில் கூடத்துக்குள் ஆட ஏதாவது வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, 13 விதிகளை எழுதிக் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். 1892 மார்ச்சில் ஆசிரியர்களும் மாணவர்களும் பார்வையாளர் முன் ஆடிய கூடைப்பந்தில் மாணவர்கள் 5-க்கு 1 என வென்றார்கள். ஆசிரியர்களின் அந்த ஒரே புள்ளியைப் போட்டவர் ஸ்டாக். அதே ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியர் தகுதியோடு உடற்கல்வித் துறைக்குப் பொறுப்பாக்கியது. நிரந்தரப் பணியில் இருக்கும் கல்லூரிப் பயிற்சியாளர் என்ற ஏற்பாடு அங்கிருந்து வளர்ந்தது. 1932 வரை அவர் அங்கே இருந்தார். எழுபது வயதில் ஓய்வு கொடுத்து அனுப்பியபோது, இன்னொரு கல்லூரிக்குப் போய் 1946 வரை பயிற்சி கொடுத்தார்.

ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த இன்னொருவர் ஹாரி குரோ பக். 1919-ல் சென்னைக்கு வந்து, மறு ஆண்டே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். விளையாட்டு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க இந்தியாவில் எழுந்த முதல் கல்லூரி அது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு அவரே மேலாளர். 1943-ல் இறக்கும்வரை அந்தக் கல்லூரியை விட்டு அவர் நகரவில்லை. பக்கின் கையில் பயின்றவர்களும் அவர்களிடம் பயின்றவர்களும் தென்னாட்டுப் பள்ளிகள், கல்லூரிகளின் மைதானங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கூடைப்பந்தும் கைப்பந்தும் தமிழ்நாட்டின் சிறு ஊர்கள்வரை பரவியதற்கு அவர்கள் பெருங்காரணம்.

காரைக்குடிக்கு இந்த மரபைக் கொண்டுவந்து சேர்த்தவர் கோட்டையூர் அழகப்பச் செட்டியார். 1947-ல் கலைக் கல்லூரியில் தொடங்கிப் பொறியியல், ஆசிரியர் பயிற்சி என்று வரிசையாக நிறுவிய அவர், 1950-களில் உடற்கல்விக் கல்லூரி ஒன்றையும் தம் திட்டத்தில் சேர்த்தார். 1957-ல் நாற்பத்தெட்டு வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்பு அவர் காலமானார். 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானபோது அந்தக் கல்லூரி அதன் பகுதியானது. மழை குறைந்த, வேலைவாய்ப்பு குறைந்த ஒரு வட்டாரத்தில் விளையாட்டு ஆசிரியர்களை உருவாக்கக் கல்லூரி வைக்கலாம் என்று அந்தக் காலத்தில் யோசித்தது பெரிய விஷயம். சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பள்ளிகளில் இந்த வளாகத்தில் படித்த பி.டி. ஆசிரியர்களை இன்றும் பார்க்கலாம்.

அமெரிக்கக் கால்பந்தைத் தமிழ்நாட்டில் நேராக ஊன்றும் முயற்சியும் ஒருமுறை நடந்தது. 2011-ல் அறிவிக்கப்பட்ட இந்தியக் கூட்டிணைவில் சென்னை பெயரிலும் ஓர் அணி இருந்தது. அது வேர்பிடிக்கவில்லை. இந்த மண்ணில் அந்த விளையாட்டுக்கு மிக நெருங்கியது கபடிதான். ஒவ்வொரு ரைடும் 30 நொடி. முடிந்ததும் ஆட்டம் புதிதாகத் தொடங்கும். எழுவர் வரிசைகட்டி நிற்பார்கள். யார் முதலில் இறங்குவது, யார் துணைக்கு வருவது என்று முன்பே பேசிவைத்திருப்பார்கள். உடம்போடு உடம்பு மோதும். ஆகவே வெளியே நிற்பவரின் கண்ணுக்குக் கபடியிலும் அதே மதிப்பு உண்டு. இந்த வட்டாரக் கல்லூரிப் பயிற்சியாளர்களில் பலர் கபடி ஆடி வளர்ந்தவர்களாக இருப்பதால், இனி வரும் உதாரணங்கள் கபடியிலிருந்தே.

ஓர் ஆட்டக்காரர் இந்தத் தொழிலை வந்தடையும் பாதை ஊர்த் திருவிழாவில் தொடங்குகிறது. கோயில் திருவிழாவையோ பொங்கலையோ ஒட்டி, கண்மாய்க்கரைப் பொட்டலில் மின்விளக்குக் கட்டி, விடிய விடிய நடக்கும் கபடிப் போட்டியில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் பெரியவர்களோடு இறங்குவான். சிராவயல் மஞ்சுவிரட்டில் மாட்டின் திமிலைப் பிடித்துத் தொங்கிய கை அது. பிடித்ததை விடாத பழக்கம் ஏற்கெனவே இருக்கும். அங்கே யாராவது ஒரு பி.டி. ஆசிரியர் பார்த்து, பள்ளி அணிக்கோ விளையாட்டு விடுதிக்கோ அழைத்துப் போவார். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992-ல் ஏற்பட்டபின் விடுதிகளின் வழி வந்தவர்கள் அதிகம். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம். பிறகு கல்லூரிகளுக்கிடையிலான போட்டி, பல்கலைக்கழக அணி, தென்மண்டலப் போட்டி. அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு வயது வரம்பு 25. அதற்குள் இரயில்வேயோ மின்வாரியமோ காவல்துறையோ கூப்பிட்டுக்கொண்டால் அவன் ஆட்டக்காரனாகவே வேலையில் சேர்ந்துவிடுவான். தூத்துக்குடி மாவட்டத்தின் மணத்தி கணேசன் மின்வாரிய அணியில் ஆடி, 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணிக்குள் போய், 1995-க்கான அர்ஜுனா விருதைப் பெற்றது அந்தப் பாதையின் உச்சம்.

எல்லோருக்கும் அந்த வாசல் திறப்பதில்லை. முழங்கால் சவ்வு கிழிந்தவர், தேர்வுப் போட்டி நாளில் காய்ச்சலில் கிடந்தவர், ஒரே இடத்துக்கு மூன்று நல்ல ரைடர்கள் போட்டியிட்ட ஆண்டில் ஆடியவர் என்று பலர் வெளியே நின்றுவிடுகிறார்கள். உடற்கல்விப் பட்டத்துக்கு விண்ணப்பிப்பவர்களில் கணிசமானோர் இவர்கள். தோற்றுப்போனவர்கள் பயிற்சியாளர் ஆகிறார்கள் என்று சிலர் பேசுவதுண்டு. அந்தப் பேச்சு தவறு. தன் உடம்பு ஏன் ஒத்துழைக்கவில்லை என்று இரவெல்லாம் யோசித்தவருக்கு, இன்னொருவர் உடம்பு எங்கே தடுமாறுகிறது என்பது சீக்கிரம் புலப்படுகிறது.

படிப்பு நீளமானது. இளநிலைப் பட்டம், பி.பி.எட்., எம்.பி.எட்., அதற்குமேல் நெட் தேர்வு அல்லது முனைவர் பட்டம். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி உடற்கல்வி இயக்குநர் பதவிக்கு ஆடிய சான்றும் உடற்தகுதித் தேர்வும் உண்டு. 30 வயது வரையுள்ள ஆண் 12 நிமிடத்தில் 1,800 மீட்டரும், பெண் 8 நிமிடத்தில் 1,000 மீட்டரும் ஓடவோ நடக்கவோ வேண்டும். இவை தவிர, குறிப்பிட்ட ஒரு விளையாட்டில் பயிற்சியாளராக விரும்புபவர் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயத்துக்குப் போகிறார். 1961-ல் பட்டியாலாவின் பழைய அரண்மனையில் தொடங்கிய நிறுவனம் அது. தென்னிந்தியர்களுக்குப் பெங்களூர் மையம் பக்கம். மைதானத்தில் ஒருவரைப் பற்றி “என்.ஐ.எஸ். முடிச்சவர்” என்று சொன்னால் அதில் ஒரு மரியாதை இருக்கும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடி முடித்த இளைஞரை மேற்படிப்பு படித்துக்கொண்டே உதவியாளராக இருக்கும்படி அழைக்கிறார்கள். ஓஹையோவின் கென்ட் ஸ்டேட் அணியில் தடுப்பாட்டக்காரராக இருந்த நிக் சேபன் 1973-ல் அப்படித்தான் தொழிலுக்குள் வந்தார். பயிற்சியாளராகும் எண்ணம் அவருக்கு இல்லை. மனைவி படிப்பை முடிக்கும்வரை அங்கேயே இருக்க வேண்டியிருந்ததால், தம் பயிற்சியாளர் டான் ஜேம்ஸ் கொடுத்த வேலையை ஏற்றார். அதற்குப்பின் பல ஊர்களில் பலர்கீழ் உதவியாளராக இருந்து, முதன்மைப் பயிற்சியாளராகி, 2024-ல் ஓய்வு பெற்றபோது ஏழு தேசியப் பட்டங்கள் அவர் பெயரில் இருந்தன. நம் கல்லூரிகளில் உதவிப் பயிற்சியாளர் என்ற படியே இல்லை. நேற்றுவரை ஆடியவர், பட்டம் வாங்கிய மறுநாள் ஒரு கல்லூரியின் எல்லா விளையாட்டுகளுக்கும் ஒரே ஆளாக நிற்கிறார். உடற்கூறும் விதிப் புத்தகமும் வகுப்பறையில் கிடைத்தன. ஆட்டம் களத்தில் கிடைத்தது. இரண்டையும் இணைப்பது எப்படி என்று காட்ட மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் உண்டு. அதனால்தான் இந்தத் தொழிலில் தேறியவர்களை விசாரித்தால், ஏதோ ஒரு மூத்த பி.டி. ஆசிரியரின் பின்னால் விசிலும் கயிறும் சுண்ணாம்பும் தூக்கிக்கொண்டு அலைந்த காலம் ஒன்று வெளிப்படும். எந்தச் சான்றிதழிலும் வராத அந்த ஆண்டுகள்தான் அவர்களை உருவாக்கியவை.

புதியவர் முதலில் மோதுவது தன் உடம்பின் அறிவோடு. நன்றாக ஆடியவருக்குத் தான் செய்தது எப்படி என்று சொல்லத் தெரியாது. இடது மூலையில் நின்று கணுக்காலைப் பிடித்துப் பெயரெடுத்த ஒருவரிடம், எப்போது இறங்க வேண்டும் என்று மாணவன் கேட்டால், “கால் வரும்போது பிடி” என்பார். அது அவருக்கு முழு விடை. மாணவனுக்கு அதில் ஒன்றுமில்லை. அடுத்து அவரே களத்தில் இறங்கிச் செய்துகாட்டுவார். பையன்கள் கைதட்டுவார்கள், கற்றுக்கொள்ள மாட்டார்கள். முதல் ஓரிரு ஆண்டுகள் பலருக்கும் இப்படியே கழிகின்றன.

அந்தப் பிடியைப் பிரித்துப் பார்த்தால்தான் சொல்லித்தர முடியும். ரைடரின் முகத்தையும் கையையும் பார்க்கக் கூடாது. அவை ஏமாற்றுவதற்காக அசைபவை. இடுப்பைப் பார்க்க வேண்டும். இடுப்பு பொய் சொல்லாது. எடை ஊன்றியிருக்கும் காலைப் பிடித்தால் இழுக்க முடியாது. எடை மறுகாலுக்கு மாறி, இந்தக் கால் தரையை விட்டு எழப்போகும் நேரம்தான் நேரம். இரண்டு கையும் ஒன்றன்மேல் ஒன்று பூட்ட வேண்டும். தலை ரைடரின் தொடைக்கு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் முழங்கால் முகத்தில் இடிக்கும். பிடித்தபின் எழுந்து நிற்காமல், தாழ்ந்தபடியே தன் பின்கோட்டை நோக்கி இழுக்க வேண்டும். மூன்றாவது நொடிக்குள் கவர் ஆட்டக்காரர் வந்து மேலே விழவில்லையென்றால் ரைடர் நடுக்கோட்டை எட்டிவிடுவார். இத்தனையும் ஆடும்போது ஒரே அசைவாக நிகழ்ந்தவை. பயிற்சியாளர் அவற்றை ஏழெட்டுத் துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சி வைத்து, பிறகு மறுபடியும் ஒன்றாகச் சேர்க்கிறார்.

அவசரப்பட்டு இறங்கும் பையனைத் திருத்துவது இதைவிடக் கடினம். அட்வான்ஸ் டேக்கிள் என்று இப்போது எல்லோரும் சொல்லும் அந்தத் தவறு பயத்திலிருந்து வருகிறது. ரைடர் தன்னைத் தொட்டுவிடுவாரோ என்ற பதற்றத்தில் முதலில் பாய்ந்துவிடுகிறான். “பொறுமையா இருடா” என்று கத்துவதால் பயம் போகாது. அனுபவசாலிகள் கையாளும் வழி ஒன்று உண்டு: பிடிக்கவே கூடாது என்று தடைபோட்டு, கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, ரைடரின் முன் நகர்ந்து நகர்ந்து நிற்கமட்டும் சொல்வது. ஒரு வாரம் இப்படி நின்றவனுக்குத் தொடப்படாமல் இருக்கும் தூரம் காலில் படிந்துவிடுகிறது. பிறகு பிடிக்கச் சொன்னால் தானாகவே காத்திருக்கிறான். பிடிப்பவர்கள் வயது ஏற ஏற மெருகேறுவதற்கும் இதுவே காரணம். தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்த தர்மராஜ் சேரலாதன், ரைடர்கள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும் நாற்பதை ஒட்டிய வயதில், 2016-ல் பாட்னா அணித் தலைவராகப் புரோ கபடிக் கோப்பையை வென்றார். பின்னர் பயிற்சியாளர் பக்கம் வந்தார். மூலையில் நின்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண் கோட்டுக்கு வெளியேயும் அதே வேலையைச் செய்கிறது. 2014-ல் அந்தப் போட்டியின் முதல் கோப்பையை ஜெய்ப்பூர் வென்றபோது அதன் பயிற்சியாளராக இருந்த காசிநாதன் பாஸ்கரனும் தமிழ்நாட்டுக்காரரே.

களம் தனிப் பாடம். இந்தப் பக்கத்துச் செம்மண் வெயிலில் இறுகிப் பாறையாகும். கிண்டி, சலித்து, தண்ணீர் தெளித்து, மறுபடி மிதித்தால்தான் விழுவதற்கு ஏற்ற பதம் வரும். வெறுங்காலில் ஆடும் அந்த மண்ணில் பாதம் கொஞ்சம் வழுக்கும். அந்த வழுக்கல் முழங்காலைக் காப்பாற்றுகிறது. பெரிய போட்டிகள் எல்லாம் இப்போது மேட் என்னும் விரிப்பில், காலணியோடு. மேட் பாதத்தைப் பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். மண்ணில் மட்டும் பழகிய அணியை மண்டலப் போட்டியில் நேராக மேட்டில் இறக்குவது ஆபத்து. சொந்தமாக மேட் இல்லாத கல்லூரிப் பயிற்சியாளர் போட்டிக்கு ஒரு வாரம் முன்பாவது எங்கேயாவது கேட்டு வாங்கிப் பழக்குகிறார். முடியாதபோது, காலணி போட்டுப் புல்தரையில் திரும்பும் பயிற்சியும், தொடையின் பின்தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் கொடுத்து ஓரளவு ஈடுசெய்கிறார்.

பயிற்சி நேரத்தை வெயில்தான் தீர்மானிக்கிறது. சித்திரை வைகாசியில் காலை ஆறுக்கு மைதானத்தில் இருந்தால் எட்டுக்குள் முடித்துவிடலாம். மாலை ஐந்துக்கு முன் தொடங்க முடியாது. கிராமத்திலிருந்து முதல் பேருந்தில் வரும் பையன் வெறும் வயிற்றோடு வருவான். அவனுக்கு என்ன கிடைக்கும் என்று பார்ப்பதும் பயிற்சியாளரின் வேலை. ஊறவைத்த கொண்டைக்கடலை, வேர்க்கடலை, முட்டை, வாழைப்பழம், வீட்டில் கம்மங்கூழ் இருந்தால் அது. விலையுயர்ந்த புரதப்பொடிகளைப் பற்றிக் கேட்கும் மாணவர்களிடம் இவற்றை முதலில் ஒழுங்காகச் சாப்பிடச் சொல்பவரே நல்ல பயிற்சியாளர். எடைப் பிரிவு உள்ள விளையாட்டுகளில் எடை குறைக்கத் தண்ணீர் குடிக்காமல் கிடக்கும் பழக்கத்தைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். இந்த வெயிலில் அது உயிருக்கே ஆபத்து.

பெண்கள் அணியை உருவாக்குவது வேறு விதமான உழைப்பு. பயிற்சி மைதானத்தில் தொடங்குமுன் வீட்டுத் திண்ணையில் தொடங்குகிறது. அப்பாவிடம், அப்பத்தாவிடம், சில வேளை தாய்மாமனிடம் பேசி, எத்தனை மணிக்குப் பேருந்து ஏற்றிவிடுவோம், வெளியூர்ப் போட்டிக்கு உடன் வரும் ஆசிரியை யார், எங்கே தங்குவார்கள் என்று சொன்ன பிறகே அனுமதி கிடைக்கிறது. சொன்ன சொல் ஒருமுறை தவறினால் அந்த ஊரிலிருந்து அடுத்த ஐந்து ஆண்டுக்கு ஒரு பெண்ணும் வரமாட்டாள்.

பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையின் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜனின் வரலாறு இங்கே சொல்லப்பட வேண்டும். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 நொடியில் ஓடி வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். ஒரு பெண் ஆயுள் முழுக்க ஓடிச் சேர்த்ததை ஒரு மருத்துவ அறிக்கையால் ஊரறியப் பறித்தது கொடுமை. அதை வேறு சொல்லால் சொல்ல முடியாது. அவர் புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்றுக்கொடுத்தார். வருமானமில்லாமல் சூளை வேலைக்கும் திரும்ப நேர்ந்தது. பிறகு பெங்களூரில் தேசிய விளையாட்டு நிறுவனப் பட்டயம் முடித்து, 2016-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் தடகளப் பயிற்சியாளராக நிரந்தரப் பணி பெற்றார். ஆடும் வாழ்வு முறிந்த இடத்திலிருந்து கற்பிக்கும் வாழ்வைத் தொடங்குவது எவ்வளவு கடினம், அதற்கு ஒரு பட்டயமும் ஒரு நிரந்தர வேலையும் எவ்வளவு தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்தப் பக்கத்தில் இல்லை.

போட்டி நாளில் பயிற்சியாளர் செய்யக்கூடியது குறைவு. கபடியில் ஒரு பாதிக்கு இரண்டு இடைநிறுத்தம், ஒவ்வொன்றும் அரை நிமிடம். புதியவர்கள் அந்த அரை நிமிடத்தில் ஆறு குறையைச் சொல்வார்கள். மூச்சிரைத்து நிற்கும் பையன் காதில் ஒன்றுதான் ஏறும். எதிரணி ரைடர் எந்தப் பக்கம் போனஸுக்குக் கால் வைக்கிறார், அவர் வரும்போது யார் முதலில் இறங்குவது: இதைமட்டும் சொல்லித் தண்ணீர் கொடுத்து அனுப்பினால் போதும். மாற்று ஆட்டக்காரரை எப்போது இறக்குவது என்பதுதான் மெய்யான முடிவு. ஊரில் பெயரெடுத்த பையனை வெளியே எடுத்தால் கூட்டம் சத்தம் போடும். அவன் மூன்று ரைடு வெறுங்கையோடு வந்து, கால் கனத்திருப்பதைப் பார்த்தபின்னும் எடுக்காமல் இருப்பது அவனுக்கே செய்யும் கெடுதல்; காயங்கள் பெரும்பாலும் களைத்த காலில்தான் வருகின்றன. சவ்வு கிழிந்த சந்தேகம் வந்தால் எண்ணெய் போட்டு இழுத்துவிடும் பழக்கத்துக்குப் போகாமல், அசைக்காமல் பனிக்கட்டி வைத்து, எலும்பு மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அதற்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்வி பல கல்லூரிகளில் இன்றும் தீராமல் இருக்கிறது.

எழுத்து வேலைகள் நாளில் பாதியைத் தின்றுவிடும்: தகுதிப் படிவம், வயதுச் சான்று, பயணப்படி, பொருள் கொள்முதல், வருகைப் பதிவுக்கு விலக்குக் கேட்டுத் துறைத் தலைவர்களிடம் நடப்பது. படிவத்தில் ஒரு பிறந்த தேதி பிசகினால் அணி முழுவதும் தகுதி இழக்கும் என்பதால் இதையும் அக்கறையோடுதான் செய்ய வேண்டியிருக்கிறது.

வருமான விஷயத்தில் இரு நாடுகளுக்கும் ஒப்பே இல்லை. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அரசு ஊதியம் பெறுவோரில் மிக அதிகம் வாங்குபவர் பல்கலைக்கழகக் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர். அங்கே இரண்டு பருவம் தோற்றால் வேலை போய்விடும். இங்கே நிரந்தரப் பணியில் இருப்பவருக்கு மானியக் குழு ஊதியம், ஓய்வுபெறும்வரை பாதுகாப்பு. தோல்விக்காக யாரையும் அனுப்புவதில்லை. அந்தப் பாதுகாப்பால்தான் வெற்றி தராத பையனுக்கும் மூன்று ஆண்டு நேரம் ஒதுக்க முடிகிறது. ஆனால் நிரந்தர இடங்கள் குறைந்துவருகின்றன. சுயநிதிப் பிரிவுகளில் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள் அதே வேலையை மிகக் குறைந்த பணத்துக்குச் செய்கிறார்கள். கோடை முகாம், பள்ளிகளில் மாலைநேரப் பயிற்சி, நடுவர் பணி என்று சேர்த்துக் குடும்பத்தை ஓட்டுகிறார்கள். நல்ல ஆட்டக்காரர்கள் இந்தத் தொழிலுக்கு வரத் தயங்குவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அங்கீகாரமும் நெடுங்காலம் இல்லாமலே இருந்தது. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985-ல்தான் தொடங்கியது. முதல் ஆண்டில் பெற்றவர்களில் ஒருவர் ஓ.எம். நம்பியார். விமானப் படையில் ஓட்டக்காரராக இருந்து, பட்டியாலாவில் பயின்று, கண்ணூர் விளையாட்டுப் பிரிவில் பி.டி. உஷாவைச் சிறுமியாகக் கண்டெடுத்தவர். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் உஷா நூறில் ஒரு நொடியில் வெண்கலத்தை இழந்த அந்த 400 மீட்டர் தடையோட்டத்துக்கு அவரைத் திருப்பிவிட்டவரும் இவரே. நாற்பது ஆண்டுக்குப் பின்னும் அந்த ஓட்டத்தைப் பற்றிப் பேசும்போது பயிற்சியாளரின் பெயரும் சேர்ந்தே வருகிறது. இந்தியாவில் அப்படி நடப்பது அபூர்வம்.

கல்லூரிப் பயிற்சியாளரின் மாணவர்கள் பதக்க மேடைக்குப் போவது மிகச் சிலரே. மற்றவர்கள் மாநில அரசின் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும், காவலர் தேர்விலும், இராணுவ ஆள்சேர்ப்பு ஓட்டத்திலும் இடம்பிடிக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் படிப்பை முடிப்பவர்களில் ஓரிருவர் பி.பி.எட். விண்ணப்பத்தோடு திரும்பி வருகிறார்கள். அனுபவமுள்ள பி.டி. ஆசிரியர் அப்படி வருபவரை உடனே ஊக்கப்படுத்துவதில்லை. ஓர் ஆண்டு காலையும் மாலையும் மைதானத்துக்கு வரச் சொல்லி, இளையவர்களின் ஒரு குழுவை ஒப்படைத்து, தாம் தள்ளி நின்று பார்க்கிறார். தான் ஆடிக்காட்டாமல், குரலால் மட்டும் ஒரு பிடியைச் சொல்லிக்கொடுத்து, அதைச் சொன்னபடி ஒரு பையன் செய்யும்போது, சொன்னவர் முகத்தில் மகிழ்ச்சி தெரிகிறதா என்பதுதான் அவர் பார்ப்பது. தெரிந்தால் சேர்க்கைப் படிவத்தில் பரிந்துரைக் கையெழுத்துப் போடுகிறார். தெரியாவிட்டால் காவலர் தேர்வுக்குத் தயாராகச் சொல்லி, அதற்கான ஓட்டப் பயிற்சியையும் தாமே கொடுக்கிறார்.